சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும்: ஸ்மார்ட் ஹோம் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு இரண்டேகால் மணி. ஒரு மணி நேரமாகப் போயிருந்த மின்சாரம் திரும்பி வந்தது. இன்வெர்ட்டர் வாங்காத காலம் அது. வந்த வேகத்தில் வீட்டிலிருந்த ஒன்பது ஸ்மார்ட் பல்புகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. ஹால், சமையலறை, பூஜை அறை, ஊரிலிருந்து வந்திருந்த அத்தை படுத்திருந்த அறை, எதுவும் பாக்கியில்லை. திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்து அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் கைபேசியை எடுத்து அணைக்கப் பார்த்தேன். ரவுட்டர் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தது. செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அத்தைதான் அறை அறையாகப் போய்ச் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு வந்தார். "இதற்கு எவ்வளவு செலவானது?" என்று கேட்டார். பாதியைத்தான் சொன்னேன்.

நடந்தது பழுது அல்ல. மின்சாரம் போய் வருவதும், யாரோ சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் போடுவதும் ஸ்மார்ட் பல்புக்கு ஒன்றுதான். அதனால் மின்சாரம் வந்ததும் எரியும்படி பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். செயலியில் ஒவ்வொரு பல்பின் அமைப்புக்குள்ளும் போய்ப் பார்த்தால், மின்சாரம் திரும்பும்போது எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்கே போக வேண்டுமா என்று கேட்கும் இடம் இருக்கும். மின்வெட்டு உள்ள ஊரில் மூன்றாவதுதான் சரி. இதை முதல் நாளே மாற்றாதது என் சின்னத் தவறு.

பெரிய தவறு மறுநாள் காலையில் தெரிந்தது. அத்தை சுவரில் அணைத்துவிட்டதால் ஒன்பது பல்புகளும் செயலியில் செத்துக் கிடந்தன. சுவிட்ச் எப்போதும் போட்டே இருந்தால்தான் ஸ்மார்ட் பல்பு ஸ்மார்ட்டாக இருக்கும். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் சுவிட்சை அணைக்கத்தான் செய்வார்கள். பிறந்ததிலிருந்து பழகிய கை அது. சிலர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை.

கருவியைப் பார்த்து மயங்கி அங்கிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். தொடங்க வேண்டிய இடம் சுவர். வாடகை வீடு என்றால் ஸ்மார்ட் பல்பும் ஸ்மார்ட் பிளக்கும் போதும். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சொந்த வீடு என்றால், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் பொருத்தும் ரிலே மாட்யூல்தான் என் தேர்வு. ரிலே என்பது மின்சாரத்தாலேயே இயங்கும் குட்டிச் சுவிட்ச். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய சுவிட்சும் பழைய எல்இடி பல்பும் அப்படியே இருக்கும். கையால் தட்டினாலும் எரியும், கைபேசியில் சொன்னாலும் எரியும். ரவுட்டர் எரிந்து போனாலும் சுவிட்ச் வேலை செய்யும்.

மாட்யூல் வாங்குவதற்கு முன் போர்டைத் திறந்து பார்க்காதது அடுத்த தவறு. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைத் திறக்கச் சொல்லுங்கள். தேட வேண்டியது மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி. பழைய வயரிங்கில் போர்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பி மட்டும் இறங்கி, நியூட்ரல் மேலிருந்தே நேராக விளக்குக்கும் ஃபேனுக்கும் போயிருக்கும். சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லையே! ஆனால் மாட்யூல் ஒரு குட்டிக் கணினி. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது நிச்சயம் இருக்கும். மாடிப்படிக்கும் குளியலறை வாசலுக்கும் தனியாக வைத்த ஒற்றைச் சுவிட்சுகளில்தான் மாட்டிக்கொள்வோம்.

நியூட்ரல் வேண்டாத மாட்யூல்களும் விற்கின்றன. அவை தமக்குத் தேவையான துளி மின்சாரத்தை விளக்கு வழியாகவே கடத்திக்கொள்கின்றன. அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்புக்கு அது உறைக்காது. 5 வாட் எல்இடிக்கு உறைக்கும்: அணைத்த பிறகும் மங்கலாக ஒளிரும், அல்லது ராத்திரி முழுக்க மினுக்கும். விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே அதற்கென்று விற்கும் சின்ன மின்தேக்கியைப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

இன்னொரு குறுக்கு வழி உண்டு. பக்கத்துப் போர்டிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்து விடுவது. அவசரக்கார எலக்ட்ரீஷியன் இதைத்தான் செய்வார். இரண்டு போர்டும் வெவ்வேறு ஆர்சிசிபியின் (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கீழ் இருந்தால், ஒன்றின் வழியே போன மின்சாரம் மற்றொன்றின் வழியே திரும்பும்; கசிவு என்று எண்ணி அது தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே போர்டில் விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனிலும், பிளக் பாயின்ட் நேரடி லைனிலும் இருப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். நான்கு சுவிட்சுக்கான மாட்யூலில் பெரும்பாலும் ஒரு ஃபேஸ்தான் உள்ளே போகும். அதற்காக இரண்டு லைனையும் ஒன்றாக முறுக்கிக் கட்டினால் இன்வெர்ட்டர் போய்விடும்; ஆளுக்கும் ஆபத்து. எந்தச் சுவிட்ச் எந்த லைனில் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். இந்த வேலையை வீடியோ பார்த்து நீங்களே செய்ய வேண்டாம். 230 வோல்ட்டுக்கு நம் ஆர்வம் தெரியாது.

போர்டின் ஆழத்தையும் பாருங்கள். மரப்பெட்டியின் மேல் சன்மைக்கா தகடு திருகிய பழைய போர்டில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். புது வீட்டு மாடுலர் பெட்டியில் கம்பிகளே திணறிக்கொண்டிருக்கும். அதுவும் இரும்புப் பெட்டியாக இருந்தால் வைஃபை சிக்னலையும் கொஞ்சம் விழுங்கும்.

ஆம்பியர் கணக்கு பார்க்காததுதான் நான் கண்டதிலேயே அபாயமான தவறு. கணக்கு எளிது: வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13. '10 ஆம்பியர்' என்று அச்சிட்ட ஸ்மார்ட் பிளக்கில் அந்தப் பெரிய கீசரை மாட்டினால் பிளக் கொதித்து உருகும். 16 ஆம்பியர் பிளக்தான் வாங்க வேண்டும்.

மோட்டார் விஷயம் வேறு. 1 எச்பி மோட்டார் ஓடும்போது சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் வழக்கமானதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மாட்யூலுக்குள் இருக்கும் சின்ன ரிலேயின் உலோக முனைகள் அந்த நொடியில் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இது நடந்தது. செயலியில் மோட்டார் அணைந்திருப்பதாகக் காட்டுகிறது. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. வீட்டுக்காரர் கைபேசியையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மாட்யூலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கான்டாக்டர் என்ற பெரிய ரிலே கட்டாயம். மாட்யூல் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கும், மோட்டாரின் பாரத்தைக் கான்டாக்டர் தாங்கும். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் என்றால், அதற்கு ஸ்மார்ட் பிளக் வாங்கி ஒரு பயனும் இல்லை. மின்சாரம் கொடுப்பதும் பொத்தானை அழுத்துவதும் ஒன்றல்ல.

ஃபேனுக்கு விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மரை வைக்காதீர்கள், உறுமும். ஃபேனுக்கென்றே விற்கும் மாட்யூலை வையுங்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேனுக்கு அதுவும் கூடாது. அதன் வேகத்தை உள்ளேயிருக்கும் சர்க்யூட்டே பார்த்துக்கொள்கிறது, வெளியே ரெகுலேட்டர் வைத்தால் கெடும். அதை ரிமோட் வழியாகத்தான் இயக்க வேண்டும். ரிமோட்டைப் போல நடிக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) பெட்டிகளுக்கு ஒரு குறை உண்டு: அவை கட்டளையை வீசுமே தவிர, அது போய்ச் சேர்ந்ததா என்று அறியாது. நீங்கள் கையால் ஏசியை அணைத்தது அதற்குத் தெரியாமல், இன்னும் ஓடுகிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

வைஃபை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். முதல் இணைப்பு கிடைக்காமல் தவிப்பவர்கள் பலரின் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். இணைக்கும் நேரத்துக்கு மட்டும் ரவுட்டரில் 5-ஐ அணைத்து வைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். புது ரவுட்டர் வாங்கும்போது பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் அதற்கும் வையுங்கள். இல்லாவிட்டால் இருபது கருவிகளையும் ஏணி போட்டு ஏறி மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

இணையம் இருந்தால்தான் இயங்கும் கருவியாக வாங்கிக் குவிப்பது மெதுவாகக் கொல்லும் தவறு. வீட்டின் ஸ்மார்ட் கருவிகளை ஒன்றாக இயக்க ரிவால்வ் என்று ஓர் அமெரிக்க மையக் கருவி இருந்தது. விலை சுமார் 300 டாலர், வாழ்நாள் முழுவதும் சேவை என்றார்கள். 2014-இல் அந்த நிறுவனத்தை கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. கருவி நல்ல நிலையில் இருந்தபடியே வெறும் டப்பா ஆனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அணைந்தபோதும் பல வீடுகளில் செயலி வேலை செய்யவில்லை. வாங்கிய கருவியை ஒரு முறை சோதித்துப் பாருங்கள்: ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் இணைய ஒயரைக் கழற்றிவிட்டு, வைஃபையை மட்டும் விட்டுவைத்து, கைபேசியில் விளக்கைப் போடுங்கள். எரிந்தால் கருவி உங்களுடையது. எரியாவிட்டால் அதை வேறு யாரோ உங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாம் சேர்ந்து 2022 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்ட 'மேட்டர்' என்ற பொது விதிமுறை இதற்கு ஓரளவு மருந்து. அந்த முத்திரை உள்ள கருவி வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் அடைபடாது. ஆனால் ஒன்று. மேட்டர் கருவியில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியையும் அதன் கீழே உள்ள 11 இலக்க எண்ணையும் மாட்டுவதற்கு முன்பே படமெடுத்து வையுங்கள். எலக்ட்ரீஷியன் மாட்யூலைப் போர்டுக்குள் திணித்து, ஆறு திருகையும் இறுக்கி, கூலியும் வாங்கிப் போன பிறகுதான் செயலி அந்த எண்ணைக் கேட்கும்.

குளியலறையில் அசைவு உணரி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மலிவான உணரி மனிதனைப் பார்ப்பதில்லை. நகரும் வெப்பத்தைப் பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் அறை காலி என்று முடிவு செய்து விளக்கை அணைத்துவிடும். இருட்டில் கையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாறாக, உணரியின் முகத்தின் மேலேயே பல்லி ஊர்ந்தால் நடு இரவில் விளக்கு எரியும். நேரத்தைப் பத்து நிமிடமாக்கி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஸ்மார்ட் பூட்டு வாங்குபவர்கள் கைரேகை, கடவெண் எல்லாம் பார்க்கிறார்கள், கதவைப் பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதும். நாம் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பூட்டிப் பழகியிருப்போம். பூட்டுக்குள் இருக்கும் சின்ன மோட்டாருக்குத் தோள் இல்லை. தாழ் பாதியில் நின்று அலறும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். முதலில் தச்சரைக் கூப்பிட்டுக் கதவை இழைக்கச் சொல்லுங்கள். அவசரச் சாவியை வீட்டுக்கு உள்ளே வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கேமராவோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விடுவது அடுத்தவருக்கும் தீங்கு. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை வைத்தனுப்பும் அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை முயன்று பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றை ஏவி, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே முடக்கினார்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக ஒன்று இருந்தால் கேமராவை அதில் விடுங்கள். படுக்கையறைக்குள் கேமரா வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் மகனின் கைபேசியில், மகனின் மின்னஞ்சலில் ஏற்றிவைத்துவிட்டு, அவன் வேலைக்கு வெளியூர் போன பிறகு பெற்றோர் தவிப்பதை இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன். வீட்டுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கி அதில் பதிந்து, மற்றவர்களைக் குடும்ப உறுப்பினர்களாகச் சேர்ப்பதே வழி. கூடவே ஒரு தாளில் எந்தப் போர்டுக்குப் பின்னால் எந்த மாட்யூல், அது எந்த எம்சிபியில், எந்தச் சுவிட்ச் இன்வெர்ட்டரில் என்று எழுதி, எம்சிபி என்ற பாதுகாப்புச் சுவிட்சுகள் இருக்கும் டிபி பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். என் வீட்டில் அந்தத் தாளை இதுவரை அதிகம் பார்த்தவர் எலக்ட்ரீஷியன். அவரே அதில் இரண்டு இடத்தில் பென்சிலால் திருத்தியும் வைத்திருக்கிறார்.