செந்தூராவின் சிவப்பைக் காப்பாற்றுவோம்: வீடியோவின் நிறத்தைச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரித் தோட்டம் ஒன்றில் எடுத்த வீடியோவை நிறுத்தி, நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். செந்தூரா மாம்பழத்தின் காம்புப் பக்கத்துச் சிவப்பு, பழத்தின் ஓரத்தோடு நிற்காமல் பக்கத்து இலைமேல் கசிந்திருக்கும். ஓரம் படிக்கட்டு போலத் தெரியும். பெரும்பாலும் கேமராவும் லென்ஸும் குற்றமற்றவை. கோப்பைச் சுருக்கிய இடத்தில்தான் நிறம் கெட்டிருக்கும்.

திருமண வீடியோக்களையும் தோட்டக்காரர்களுக்கான வீடியோக்களையும் தொகுத்துத் தருவது என் தொழில். மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டும் சரிகைக் கரையும் சேரும் கோடு தெளிவாக நின்றால்தான் எனக்கு மனம் ஆறும்.

வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறையான கோடெக் பொதுவாக நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று அப்படியே எழுதுவதில்லை. வெளிச்சத்தை ஒரு தளமாகவும் நிறத்தை இரண்டு தளங்களாகவும் பிரித்துக்கொள்கிறது. முன்னது லூமா, பின்னவை குரோமா. நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிடிக்கும். நிற வேறுபாட்டில் அத்தனை கூர்மை இல்லை. ஆகவே 4:2:0 முறையில் நான்கு பிக்சல்களுக்கு லூமா நான்கு, குரோமாவோ ஒரே ஒரு ஜோடி. 8 பிட்டில், அதாவது ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பைட் என்ற கணக்கில், 1920×1080 ஃபிரேம் ஒன்று முழு நிறத்தோடு சுமார் 62 லட்சம் பைட்; 4:2:0 ஆனதும் 31 லட்சம். உண்மையான சுருக்கம் தொடங்கும் முன்பே நிறத் தகவலில் முக்கால் பங்கு போய்விட்டது. எஞ்சிய கால் பங்கைக் கவனமாகச் செலவிட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முதல் தவறு, அந்தக் கால் பங்கையும் திரும்பத் திரும்ப அரைப்பது. செல்பேசியில் வந்த பிரதியைத் தொகுப்பது, அதை ஏற்றுமதி செய்து வேறு மென்பொருளில் தலைப்பு சேர்ப்பது, மறுபடியும் சுருக்குவது என்று போனால், ஒவ்வொரு முறையும் குரோமா விரிந்து சுருங்குகிறது. பல பிக்சல்களுக்குப் பொதுவான அந்தக் குரோமா மதிப்பு எங்கே அமர்ந்திருக்கிறது என்பதிலும் மென்பொருள்கள் வேறுபடும். பரவலான கோடெக்கான எச்.264 வீடியோவில் வழக்கமாக அது இரண்டு பிக்சல்களில் இடப்பக்கத்தின் நேராக இருக்கும். ஜேபெக் படத்தில் நான்கின் நடுவில். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் நிறம் அரை பிக்சல் நகரும். மூன்று முறை நகர்ந்தால் சிவப்பு இலைமேல் ஏறிவிடும். மூலக் கோப்பிலிருந்தே தொகுங்கள். இடைக்கோப்பு தேவையானால் 4:2:2 (இரண்டு பிக்சல்களுக்கு ஒரு குரோமா ஜோடி), 10 பிட்டில் வையுங்கள். இறுதிச் சுருக்கம் ஒரே ஒரு முறை நடக்கட்டும்.

அடுத்தது, நிறத்தைப் பிரிக்கும் கணக்கு அணியில் (மேட்ரிக்ஸ்) வரும் குழப்பம். பழைய எஸ்டி வீடியோ பிடி.601 கணக்கிலும் எச்டி வீடியோ பிடி.709 கணக்கிலும் நிறத்தைப் பிரிக்கின்றன. 601-இல் பிரித்ததை 709 என்று குறியிட்டால் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும், பச்சை கறுக்கும். பழமும் இலையும் ஒரே காட்சியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகக் கெடும். ஒருமுறை பழைய கல்யாண கேசட்டை எச்டியாக மாற்றியபோது நானே இதைச் செய்துவிட்டேன். குங்குமம் செங்கல் நிறமாகிவிட்டது, முழு இரவும் மறுவேலை. குறியை மட்டும் மாற்றாமல், நிறத்தையும் மாற்றிக் கணக்கிட வேண்டும்.

மண்டபத்து எல்இடி விளக்கின்கீழ் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பை) உயர்த்தி எடுத்த காட்சியில் நிழல்கள் முழுக்க வண்ணப் புள்ளிகள் நெளியும். ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும் அந்தப் புள்ளிகளை முன்கூட்டிக் கணிக்க முடியாததால், கோடெக் அவற்றுக்கும் பிட் செலவழிக்கிறது. குரோமா இரைச்சலை மட்டும் மெலிதாகத் துடைத்தாலே, லூமாவின் கூர்மை குறையாமல் கோப்பு சிறுக்கும். இவ்வளவு எளிதில் கிடைக்கும் லாபத்தைப் பலர் தொடுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

சிவப்பு பிசிறுகிறது என்று குரோமாவை எவ்வளவு கரடாகச் சுருக்குவது என்பதைக் கூட்டிக் குறைக்கும் குரோமா குவாண்டைசேஷன் ஆஃப்செட்டை எடுத்த எடுப்பில் -12 வரை இழுப்பவர்களும் உண்டு. எச்.264, அதற்கு அடுத்த தலைமுறைக் கோடெக்கான எச்இவிசி இரண்டிலும் அதன் எல்லை -12 முதல் +12 வரை. குரோமாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பிட்டை லூமாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். பட்டு மின்னும், மணப்பெண்ணின் முகம் மெழுகாகிவிடும். எச்.264-இல் லூமாவின் குவாண்டைசேஷன் எண் மிகக் கரடான 51-க்குப் போனாலும் 8 பிட் குரோமாவின் எண் 39-ஐத் தாண்டாதபடி தரநிலையே ஏற்கெனவே காவல் வைத்திருக்கிறது. -2 அல்லது -3 போதும். அதுவும் சிவப்பு மிகுந்த காட்சிகளுக்கு மட்டும்.

கிருஷ்ணகிரியின் கேஆர்பி அணைக்கு மேலே மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரிந்தால், சுருக்கத்தை 10 பிட்டுக்கு மாற்றிப் பாருங்கள். மூலம் 8 பிட்டாக இருந்தாலும் பயன் உண்டு, ஏனெனில் கோடெக்கின் உள்கணக்கில் பிழை குறைகிறது. பார்ப்பவரின் கருவி அதை இயக்குமா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

லூமா ஓரம் உள்ள இடத்தில் பெரும்பாலும் குரோமா ஓரமும் இருக்கும். 2018-இல் வந்த ஏவி1, 2020-இல் வந்த விவிசி என்ற புதிய கோடெக்குகள் இரண்டும் இதைப் பிடித்துக்கொண்டு, லூமாவிலிருந்தே குரோமாவைக் கணிக்கின்றன. எனக்கு இது மிகப் பிடித்த யோசனை. சீக்கிரம் சுருக்குவதற்காகக் கோடெக்கின் வேக அமைப்பைக் கடைசிப் படிவரை தள்ளினால் இத்தகைய தேடல்கள்தான் குறையும்.

சுருக்கத்தின் தரத்தை அளக்கும் மதிப்பெண்ணை மட்டும் நம்புவதும் பெரிய தவறு. பலர் மூலத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் பிஎஸ்என்ஆரை லூமாவுக்கு மட்டும் பார்க்கிறார்கள். பார்ப்பவரின் மதிப்பீட்டைக் கணிக்கும் வழக்கமான விஎம்ஏஎஃப் மாதிரிகளும் லூமாவையே அளக்கின்றன. குரோமாவைப் பாழாக்கினாலும் அந்த எண் அசையாது. வீடியோ மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் எக்ஸ்ட்ராக்ட்பிளேன்ஸ் வடிகட்டியால் இரண்டு குரோமாத் தளங்களையும் தனித்தனிச் சாம்பல் படங்களாகப் பிரிக்கலாம். பட்டுக்கரை வரும் இருபது நொடித் துண்டை எடுத்து, மூலத்தையும் சுருக்கியதையும் அருகருகே ஓட்டுங்கள். மூலத்தில் தெரியும் கரைக்கோடு சுருக்கியதில் கட்டம் கட்டமாகக் கரைந்திருந்தால், குரோமா ஆஃப்செட்டை ஒன்று குறைத்து அதே துண்டை மறுபடி சுருக்குங்கள்.