பட்டன் ஒட்டினால் 'ம' வந்துவிடுமா?

போன மாதம், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் ஒருவரின் வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு 'ம'. முந்தின இரவு தூங்கினாரோ என்னவோ, பிள்ளைக்கு ஒன்றாக அட்டையில் 'ம' வெட்டி வைத்திருந்தார். டப்பா நிறைய பட்டன், கிண்ணத்தில் பசை. நாற்பது நிமிடம் ஒரே கொண்டாட்டம். எல்லாம் முடிந்து, பலகையில் பெரிதாக 'ம' எழுதி "இது என்ன?" என்றார். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு வாண்டு கை தூக்கிச் சொன்னது: "பட்டன், டீச்சர்!"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கூச்சமும். என் ஆரம்ப வருடங்களில் என் வகுப்பிலும் இதே கதைதான். பட்டனுக்குப் பதில் பஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடிக்கக் கூடாது, ஒரே நாளில் பத்து எழுத்தைத் திணிக்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். விளையாட்டாகச் சொல்லித் தருவோம் என்று நல்ல மனதோடு இறங்குகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எழுத்தைப் பார்க்காமலே ஜெயிக்கிற விளையாட்டு

இந்தத் தவற்றை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு பருவத்தையே இதற்குப் பலி கொடுத்தவள் நான்.

அப்போது ட, ப, ம மூன்றையும் முதலில் எடுத்தேன். அந்த முடிவில் தப்பில்லை. 'ட' கீழே இறங்கி வலப்பக்கம் போகும். அதையே மேலே ஏற்றினால் 'ப'. 'ம'வும் அப்படியே தொடங்கி வளையும். புள்ளியையும் சேர்த்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று வார்த்தைகளே கிடைத்துவிடும். தப்பு அட்டைகளில் இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று 'ப'வைச் சிவப்பிலும் 'ட'வை நீலத்திலும் 'ம'வைப் பச்சையிலும் எழுதித் தரையில் பரப்பினேன். "ப மேலே குதி!" என்பேன். குதிப்பார்கள். ஒருவர்கூடத் தப்பாகக் குதிக்கவில்லை. பெற்றோர்களிடம் பெருமையாகச் சொன்னேன். வாரக்கணக்கில் இது நடந்தது.

ஒருநாள் வெள்ளைச் சாக்பீஸால் பலகையில் 'ப' எழுதினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் கற்றது சிவப்பு, நீலம், பச்சை.

சரி என்று எல்லாவற்றையும் கறுப்பு மையில் திரும்ப எழுதினேன். இப்போது ஒரு பையன் மட்டும் 'ட'வைப் பாய்ந்து பாய்ந்து எடுத்தான். அந்த அட்டையின் மூலை மடங்கியிருந்தது. புது அட்டை போட்டேன். அடுத்து, ஜன்னல் ஓரம் எப்போதும் 'ம' இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதையும் மாற்றினால், முதலில் குதிக்கிற பெண் எங்கே குதிக்கிறாளோ அங்கேயே மற்ற ஒன்பது பேரும் குதித்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஜெயிக்கச் சொன்னோம், ஜெயிக்கிற சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்து அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

அதிலிருந்து, எந்த விளையாட்டையும் வகுப்புக்குள் விடும் முன் எனக்கு நானே கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த எழுத்தே தெரியாத பிள்ளை இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அந்த விளையாட்டு வேண்டாம், அல்லது அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். ஒரே தாள், ஒரே மை. ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாற்றம். முந்திக்கொள்கிறவரைப் பார்த்துச் செய்யாதபடி, ஆளுக்கு ஒரு கட்டு அட்டையைக் கொடுத்து, கைதட்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும்.

வீட்டில் "ம தேடு" என்று ஒளித்துவைத்து விளையாடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒளித்த அட்டை எல்லாமே 'ம' என்றால் குழந்தை தேடுவது அட்டையைத்தான். நடுவே 'ட'வும் 'வ'வும் கிடந்தால்தான் ஒவ்வொன்றையும் எடுத்து உற்றுப் பார்க்கும். கடைசி நிமிடத்தில் அதே எழுத்தை வேறு இடத்தில் காட்டுங்கள். செய்தித்தாள் தலைப்பில், முதுகில் விரலால், வேறொருவர் கையெழுத்தில்.

பட்டன் ஒட்டுவதில் குற்றமில்லை. விரல்களுக்கு நல்ல பயிற்சி. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் 'ம' என்ற சத்தம் எத்தனை முறை பிள்ளைகள் வாயிலிருந்து வந்தது என்று பின்னால் உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு. ஒட்டத்தான் வேண்டுமென்றால் எழுத்து எங்கே தொடங்குமோ அங்கே முதல் பட்டன், அது போகும் வழியிலேயே அடுத்தடுத்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ம'. அப்படிச் செய்தால் கைவேலையிலும் எழுத்து இருக்கும்.

'இம்', 'இட்', 'இப்'

'ம்' என்பதை 'இம்' என்று சொல்லித்தருகிறோம். தனி மெய்யை உச்சரிக்கக் கஷ்டம், அதனால் முன்னால் ஓர் 'இ'யைக் கடன் கொடுக்கிறோம். பெரியவர்களுக்கு அது வெறும் பெயர். குழந்தைக்கு அதுதான் சத்தம். பிறகு 'பட்டம்' என்று எழுதிக் காட்டினால் "ப, இட், ட, இம்" என்று வாசிக்கும். நான்கையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, வார்த்தை மட்டும் வரவில்லை.

ம், ல், ன் போன்றவை இழுக்க வருகிறவை. "மரம்ம்ம்" என்று உதட்டை மூடி நிறுத்தச் சொல்லுங்கள், "பல்ல்ல்" என்று நாக்கை மேலே ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். வார்த்தையின் வாலைப் பிடிக்கிற விளையாட்டு என்றே இதைச் செய்யலாம். க், ட், ப் இழுக்க வராது. அவற்றை அக்கா, பட்டம், அப்பா என்று இரட்டித்து வரும் இடத்தில் காதால் பிடிக்க வைப்பதுதான் வழி.

ஒவ்வொரு எழுத்துக்கும் முதலில் வரும் படம்

ட, ண, ள, ழ, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. இது தொல்காப்பியக் காலத்து விதி. ஆனாலும் அட்டைக்கு ஒரு படம் வேண்டுமே என்று 'ட'வுக்கு டம்ளரைப் போட்டுச் சமாளிக்கிறோம். 'ண'வுக்கு வந்ததும் சமாளிப்பும் தீர்ந்துவிடுகிறது. எழுத்து சொல்லுக்குள் எங்கே இருக்கிறதோ அங்கே காட்டினால் போதும்: வீணை, பழம், வெள்ளரி. அந்த இடம் வரும்போது கைதட்டச் சொன்னால் விளையாட்டும் ஆயிற்று.

படம் போட்டால் முதலில் வாயைத் திறக்காமல் "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். 'ப'வுக்காக நான் வரைந்த பறவையை ஒரு வருடம் முழுக்கக் கிளி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ன, ண ஒரே நாளில்

வேண்டாம். ர, ற அப்படியே. ல, ள, ழ அப்படியே.

247 என்று சொல்லிப் பயமுறுத்துவது

அந்தக் கணக்கு பெரியவர்களுக்கு.

எந்தப் பக்கமிருந்தும் தேய்க்க விடுவது

1907இல் ரோம் நகரில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியின் வழியாகப் புகழ்பெற்றவை உப்புத்தாள் எழுத்துகள். சொரசொரப்பான எழுத்தின் மேல் இரண்டு விரலால் எழுதும் திசையிலேயே தடவ வேண்டும், கூடவே சத்தம். நான் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் மேசை துடைப்பது போலத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் தொட்டாலே போதும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் பிடித்த பிறகு 'ட'வைக் கீழிருந்து மேலே எழுதிய கைகளைத் திருத்தப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மணலில் எழுதினாலும் இதேதான். தொடங்கும் இடத்தில் ஒரு கூழாங்கல் வையுங்கள்.

மாண்டிசோரி வகுப்பு முறையில் இன்னொன்றும் உண்டு. முதலில் "இது ப". அப்புறம் "ப எங்கே, காட்டு". இதில் தடுமாற்றம் போன பிறகுதான் "இது என்ன?". நாம் முதல் படியிலிருந்து மூன்றாவது படிக்குத் தாவிவிடுகிறோம், அந்தப் பட்டன் வகுப்பில் நடந்ததும் அதுதான். அந்த டீச்சரிடம் வெளியே வந்ததும், "பட்டன் என்று சொன்ன பிள்ளையிடம் நாளைக்கு 'ம எங்கே' என்று மட்டும் கேளுங்கள்" என்றேன். மறுநாள் கேட்டிருக்கிறார். நான்கு அட்டையில் சரியானதைத் தொட்டுவிட்டு, "பட்டன் எங்கே டீச்சர்?" என்றதாம்.