பீம்என்ஜி வரைபடத்தில் ஏஐ வாகனங்களின் பாதையைச் சோதித்தல்

பீம்என்ஜி.டிரைவ் என்னும் வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டுக்கு வரைபடம் உருவாக்குவோரில் பலர், சாலைகளை வரைந்து முடித்த கையோடு ஏராளமான வாகனங்களை இறக்கிவிட்டு, போக்குவரத்து ஓடுகிறதா என்று பார்க்கின்றனர். இந்தச் சோதனையால் அதிகப் பயன் இல்லை. பார்வையிலிருந்து விலகிப்போன வாகனத்தை எடுத்து ஆட்டக்காரருக்கு அருகில் மீண்டும் வைத்துவிடுவது விளையாட்டின் போக்குவரத்து அமைப்பின் வழக்கம் என்பதால், ஒரு முனையில் சிக்கி நின்ற வண்டி நாம் அங்கே போய்ச் சேர்வதற்குள் காணாமல் போயிருக்கும். முதலில் ஒரே ஒரு காரைக் கொண்டு பாதையைச் சோதிப்பதே சரி.

எஃப்11 விசையை அழுத்தினால் வரைபடத்தைத் திருத்தும் கருவியான வேர்ல்ட் எடிட்டர் திறக்கும். டெக்கல் ரோடாக, அதாவது புள்ளிகளை வரிசையாக வைத்துத் தரைமேல் ஒட்டுப்படம் போல் பதிக்கும் சாலையாக, வரைந்த சாலைகளிலிருந்தே ஏஐ ஓட்டுநருக்கான வழி வலை, அதாவது நேவ்கிராஃப், உருவாகிறது. சாலை ஓட்டுவதற்கு எவ்வளவு ஏற்றது என்பதைக் குறிக்கும் டிரைவபிலிட்டி மதிப்பு 0 என்றிருந்தால் அது வலையில் சேராது. முக்கியச் சாலைகளுக்கு 1 என்றும் மண் பாதைகளுக்கு அதைவிடக் குறைவாகவும் கொடுத்தால், வேறு நல்ல வழி இருக்கும்வரை வாகனங்கள் மண் பாதையை நாடுவதில்லை. பாலம் போன்ற முப்பரிமாண மாடல்களின் மீது வண்டி ஓட வேண்டுமானால், கண்ணுக்குத் தெரியாத மெட்டீரியலை (மேற்பரப்புத் தோற்றத்தை) கொண்ட டெக்கல் ரோடு ஒன்றை அதன்மேல் வரைய வேண்டும்.

அடுத்து, நேவ்கிராஃபைத் திரையில் காட்டும் வசதியை இயக்கி, ஷிஃப்ட்+சி அழுத்திக் கேமராவை விடுவித்து, ஒவ்வொரு சந்திப்பையும் மேலிருந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான குறைகள் இங்கேயே பிடிபடும். கிளைச் சாலையின் தார் பிரதான சாலையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்தவை போலவே தெரியும். ஆனால் கிளையின் கடைசிப் புள்ளி பிரதான சாலையின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்பே நின்றிருந்தால், வலையில் அவ்விடம் இணைப்பில்லாமல் இருக்கக்கூடும். வண்டிக்கு அது முட்டுச்சந்து. அந்தப் புள்ளியை நடுக்கோட்டின் புள்ளியோடு பொருந்துமாறு நகர்த்திவிட்டால் இணைப்பு உருவாகிவிடும். மேம்பாலத்தில் இதற்கு நேர்மாறாக, மேலும் கீழுமாகச் செல்லும் இரு சாலைகள் தவறுதலாக இணைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருவழிச் சாலைகளின் திசை, இருபுறத் தடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் இப்போதே சரிபார்த்துவிடலாம்.

பிறகு ஒரு காரை வைத்து, ஏஐ கட்டுப்பாட்டுப் பலகையில் ரேண்டம் (தற்செயல்) முறையைத் தேர்ந்தெடுத்தால் அது தன்போக்கில் சுற்றும். ஆனால் தற்செயலை நம்பினால் சில திருப்பங்கள் சோதிக்கப்படாமலேயே போய்விடும். சந்திப்பில் சேரும் ஒவ்வொரு சாலையிலும் ஒரு வேபாயின்ட் (வழிக்குறிப்புப் புள்ளி) வைத்து, நாமே இலக்கைத் தேர்ந்தெடுக்கும் மேனுவல் முறையில் அவற்றை இலக்காகக் கொடுத்து அனுப்புவதே நம்பகமான வழி. நாற்சந்தியில் யூ திருப்பம் நீங்கலாக 12 நகர்வுகள் உண்டு. அலுப்பான வேலைதான், இருந்தாலும் பெரிய சந்திப்புகளிலாவது செய்துவிடுவது நல்லது. கார் வளைவின் உட்புற நடைபாதையில் ஏறினால், அங்கே சாலையின் புள்ளிகள் மிகக் குறைவாக இருக்கலாம். இடையில் ஒன்றிரண்டைச் சேர்க்க வேண்டும். பாலத்தின் கைப்பிடிச் சுவரை உரசினால், புள்ளியின் அகலம் உண்மையான சாலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம்.

நம் ஊர்ச் சாலைகளை வரைபவர்கள், வரைபடத்தின் தகவல் கோப்பிலுள்ள சாலை விதிகளில் இடப்புறப் போக்குவரத்தைக் குறிப்பிட வேண்டும். இல்லையேல் எல்லா வண்டிகளும் வலப்புறமாகவே ஓடும்.

இவையெல்லாம் சரியான பின், கன்ட்ரோல்+எஸ் அழுத்திச் சேமித்து, வரைபடத்தை மறுபடி ஏற்றி, நான்கைந்து போக்குவரத்து வாகனங்களை மட்டும் இறக்கலாம். நாம் ஒரே சந்திப்பில் நின்றுகொண்டு, வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றனவா, சிக்னல் இருந்தால் கோட்டுக்கு முன் நிற்கின்றனவா என்று கவனித்து, அங்கே நெரிசல் ஏற்படாதபோது மட்டும் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.