சிங்கப்பூரிலேயே இருப்பதா, சிற்றூருக்குத் திரும்புவதா: குடும்பமாக எடைபோடும் முறை

சிங்கப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளை தொடக்கப்பள்ளியில் சேரும் வயதை எட்டும்போதோ, ஊரில் இருக்கும் பெற்றோரில் ஒருவர் படுக்கையில் விழும்போதோ இந்தக் கேள்வி எழுகிறது: இங்கேயே இருந்துவிடுவதா, மன்னார்குடிக்கோ அறந்தாங்கிக்கோ காரைக்குடிக்கோ திரும்பிவிடுவதா? விடை தேடுவோர் பெரும்பாலும் செலவுக் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். வெள்ளியையும் ரூபாயையும் பக்கத்தில் வைத்தால் சிற்றூர்தான் மலிவு என்பது பேனாவை எடுப்பதற்கு முன்பே தெரியும் என்பதால், அந்தக் கணக்கு முடிவெடுக்க அதிகம் உதவுவதில்லை. அதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருடைய சாதாரண வார நாளும் அங்கே எப்படி மாறும் என்று தனித்தனித் தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு, எடுக்கப்போகும் முடிவுகளில் எவற்றை மாற்றிக்கொள்ள முடியும், எவற்றை மாற்றவே முடியாது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

வேலை அனுமதியில் இருப்பவர் வேலையை விட்டால் அந்த அனுமதியும் முடிகிறது. மீண்டும் வருவது புதிய முதலாளியின் கையில் இருக்கிறது. நிரந்தரவாசிக்கு மறுநுழைவு அனுமதிதான் உயிர்நாடி. அது காலாவதியாகும் நேரத்தில் வெளிநாட்டில் இருந்தால் நிரந்தரவாசத்தையே இழக்க நேரிடலாம். ஆகவே, அது முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, புதுப்பிக்கும்போது சிங்கப்பூரில் உங்களுக்கு என்ன தொடர்பு எஞ்சியிருக்கும் என்று இப்போதே சிந்திக்க வேண்டும். நிரந்தரவாசத்தைத் துறந்து ஒரேயடியாக வெளியேறுபவர் மத்திய சேம நிதியை (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேர்க்கப்படும் சேமிப்பை) எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் ஊரில் வீடு கட்டப் பணம் வேண்டும் என்பதற்காக முதல் ஆண்டிலேயே அதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அதைவிட மாற்ற முடியாத முடிவு இந்த விஷயத்தில் வேறில்லை.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் திரும்பி வருவதில் சிக்கல் இல்லை. சிங்கப்பூரும் இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அவர்கள் இந்தியாவில் ஓசிஐ அட்டையுடன் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாழ வேண்டியிருக்கும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு நீண்டகாலம் தங்கலாம், வீடு வாங்கலாம். வேளாண் நிலமும் தோட்ட நிலமும் பண்ணை வீடும் வாங்க முடியாது. வாரிசாக வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். நாலு மா நஞ்சை வாங்கி விவசாயம் பார்க்கலாம் என்பதுதான் கனவு என்றால், சட்டம் அந்தக் கனவின் நடுவிலேயே நிற்கிறது என்பதை விமானச்சீட்டு எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.

மகன் இருக்கும் வீட்டில் தேசிய சேவை எனப்படும் கட்டாயப் படைச் சேவையையும் சேர்த்து எண்ண வேண்டும். சேவைக் கடப்பாடுள்ள பையன் 13 வயதுக்குப் பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வெளியேறும் அனுமதி பெற வேண்டும். நீண்ட காலம் என்றால் பிணைத்தொகையும் உண்டு. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற பையன்களுக்கும் இது பொருந்தும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

வீடு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோராலும் முடியாது. முழு வீட்டையும் வாடகைக்கு விடும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உண்டு, அதுவும் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்த பின்னரே. அந்தக் காலம் வழக்கமான வீடுகளுக்கு 5 ஆண்டு, கூடுதல் கட்டுப்பாடுகளுடன் விற்கப்படும் பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு 10 ஆண்டு. இவ்விரு வகை வீடுகளை அதன் பிறகும் முழுமையாக வாடகைக்கு விட இயலாது. நிரந்தரவாசிக் குடும்பம் வீட்டை விற்க வேண்டும், அல்லது பூட்டி வைக்க வேண்டும். வாடகை வருமானத்துக்கு, வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராக ஆனவர் 24 விழுக்காடு வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கழித்துப் பாருங்கள். ஊரில் சொந்தமாக வீடு வாங்கினால், பின்னாளில் இங்கே புதிய வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அதுவும் சொத்தாகவே எண்ணப்படும். அதை விற்ற பிறகும் 30 மாதம் காத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளி

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, தமிழ்நாட்டில் ஜூன் மாதத்தில். இங்கே ஏழு வயது நிறையும் ஆண்டில் தொடக்கநிலை ஒன்றில் சேர்கிறார்கள். அதே வயதுப் பிள்ளை அங்கே பொதுவாக ஒரு வகுப்பு மேலே இருக்கும். ஆகவே ஊர்ப் பள்ளியில் சேர்க்கும்போது, வயதுக்கேற்ற வகுப்பில் விட்டுத் திணற விடுவதா, ஒரு வகுப்பு இறக்கி நிதானமாகப் பழக விடுவதா என்ற முடிவு முதல் நாளே வந்துவிடும். சிறிய பிள்ளைகளுக்கு இறக்கிச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

தமிழைப் பற்றிப் பெற்றோர் போதிய அளவு யோசிப்பதில்லை. இங்கே தாய்மொழிப் பாடத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளை, பேச்சுத் தமிழில் உரையாடவும் படத்தைப் பார்த்துப் பேசவும் கருத்தறிதல் பகுதிக்கு விடை எழுதவும் பயின்றிருக்கும். அந்தப் பிள்ளையின் கையில் தமிழ்நாட்டின் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு செய்யுளைச் சீர் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். சொல்லும் பொருளும், பாடலின் பொருள், இலக்கணம் என்று அடுத்தடுத்து வரும் பகுதிகளைக் காட்டுங்கள். எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். பிள்ளை சிறியதாக இருந்தால் இது கடக்கக்கூடிய தூரமே, கடந்த பின் கிடைப்பது பெரிய செல்வமும்கூட. 13 வயதில் ஒரே ஆண்டில் கடக்கச் சொல்வது கொடுமை.

எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதாமல் ஊருக்குப் போன பிள்ளை பிறகு உயர்நிலைப் பள்ளிக்குத் திரும்ப விரும்பினால், நாடு திரும்பும் சிங்கப்பூரர்களுக்காகக் கல்வி அமைச்சு நடத்தும் பள்ளிச் சேர்க்கைத் தேர்வு ஒன்று இருக்கிறது. அதில் ஆங்கிலமும் கணிதமுமே முதன்மை. ஆங்கிலத்தில் பிள்ளையின் பிடி தளராமல் இருக்க வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்குப் பெயர் சொல்லிப் பதில் வைத்திருங்கள்.

வளர்ந்த மகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு சொல். இரவு எட்டு மணிக்கு நூலகத்திலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறித் தனியே வீடு வரும் பெண், சிற்றூரில் இருட்டிய பின் கடைத்தெருவுக்குப் போவதற்கே துணை தேட வேண்டியிருக்கும். யாருடன் பேசினாள் என்று தெருவே கேட்கும். அவள் இழப்பது மிகப் பெரிது. அவளிடம் கேட்காமல் அதை மற்றவர்கள் முடிவு செய்யக்கூடாது.

மனைவியின் நாள்

இங்கே வேலைக்குப் போய், தன் பெயரில் சேம நிதியும் தன் நட்புவட்டமும் வைத்திருக்கும் பெண், ஊருக்குத் திரும்பும்போது பெரும்பாலும் மாமியார் வீட்டுக்கே திரும்புகிறார். கணவருக்கு அது வீடு திரும்புதல். அவருக்கு அது புதிதாக ஓர் இடத்துக்குக் குடிபோதல். எனவே அவருக்குரிய தாளை அவரே எழுத வேண்டும்: காலையில் யாருக்காக எழுவது, சம்பாத்தியம் என்ன, சமையல் யார் பொறுப்பு, தன் தாய்வீடு எத்தனை மணி நேரப் பயணம்.

இதையொட்டியே மூன்றாவது வழியும் பேசப்பட வேண்டும். கணவர் இங்கே ஓர் அறையில் தங்கிச் சம்பாதிக்க, மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருக்கும் ஏற்பாட்டைப் பல குடும்பங்கள் தற்காலிகம் என்று சொல்லித் தொடங்குகின்றன. திருச்சிக்கு நான்கு மணி நேர விமானப் பயணம்தான் என்பதால் அது எளிதாகத் தோன்றுகிறது. நடைமுறையில் காய்ச்சல், பள்ளிக் கூட்டம், மாமனாரின் மருந்து, மோட்டார் பழுது எல்லாம் ஒருவர் தலையில் விழுகின்றன. இந்த வழியைத் தேர்ந்தால், எந்த ஆண்டு எந்த மாதத்தில் ஒன்று சேர்வது என்பதை இருவரும் எழுதி வையுங்கள். அப்படி எழுத முடியாதென்றால் இந்த வழி வேண்டாம்.

பெரியவர்களும் மருத்துவமும்

ஊரில் தனியே இருக்கும் தாய்தந்தைதான் காரணம் என்றால், அவர்களை இங்கே அழைத்துக்கொள்ள முடியுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மானியம் இல்லாத மருத்துவச் செலவு அதனுடன் வரும். திண்ணையும் தெருவும் இல்லாத பதினான்காம் மாடியில் அவர்கள் நாளெல்லாம் என்ன செய்வார்கள் என்பதும் கேள்விதான்.

நீங்கள் திரும்புவதாக இருந்தால், சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. இந்தியாவில் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆதலால் புறப்படுவதற்கு முன்பே அதை எடுத்துவிடுவது பற்றி விசாரியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையமும் 108 ஆம்புலன்ஸும் உங்கள் ஊரில் இருக்கும். நெஞ்சுவலிக்கும் டயாலிசிஸுக்கும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கலாம். அந்தச் சாலையில் ஒருமுறை இரவு நேரத்தில் பயணம் செய்து, எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள்.

குடியிருந்து பாருங்கள்

பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போனால் ஊர் தன் மிக அழகிய முகத்தைக் காட்டும். அதை வைத்து எடைபோட முடியாது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பாதியில் தொடங்கி ஏறக்குறைய ஆறு வாரம் நீடிக்கிறது. காவிரி டெல்டாவில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததும் இதே பருவத்தில்தான். அப்போது அங்கே பள்ளிகளும் டிசம்பர் கடைசி வாரத்து விடுமுறை வரை நடந்துகொண்டிருக்கும் என்பதால், வகுப்பறையை நேரில் பார்க்கலாம், ஆசிரியரிடம் பேசலாம்.

உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்காமல், ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுங்கள். பாலும் கேஸும் தண்ணீரும் நீங்களே ஏற்பாடு செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், காலையிலேயே தொட்டியை நிரப்ப மறந்தால் மாலைவரை என்ன ஆகும் என்று பிள்ளைகளும் பார்க்கட்டும். அதே நாளில், பக்கத்து வீட்டு அக்கா கேட்காமலேயே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதையும் அவர்கள் பார்க்கக்கூடும். இங்கே பல ஆண்டுகள் எதிர்வீட்டில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் உண்டு. இரண்டையும் தாளில் எழுதுங்கள்.

திரும்பி வந்த பிறகு அவரவர் தாளை அவரவரே திருத்தி, ஒன்றாக உட்கார்ந்து வாசியுங்கள். மூத்த பிள்ளைக்கு ஒன்பது வயதுக்குள் என்றால், வீட்டை விற்காமலும் நிரந்தரவாசத்தைத் துறக்காமலும் இரண்டு ஆண்டு போய் வாழ்ந்து பார்ப்பதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்துவிட்ட பிள்ளை வேண்டாம் என்று சொன்னால், நான்காம் ஆண்டுத் தேர்வு முடியும்வரை பொறுத்திருங்கள். அதுவரை பெரியவர்களைக் கவனிக்க ஊரில் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்து, பயணங்களை உடன்பிறந்தாருடன் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.