வேலையை விடாமல் சப்ளை செயின் முதுநிலைப் படிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

வேலையில் நாலைந்து வருடம் ஓடிய பிறகு சப்ளை செயின், அதாவது சரக்கு சப்ளையரிடமிருந்து வாடிக்கையாளர் வரை போகும் சங்கிலியைப் பற்றி மேலே படிக்கலாம் என்று தோன்றினால், எல்லோரும் முதலில் திறப்பது கல்லூரிப் பட்டியலைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாடத்திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்கே மூன்று மாதம் போய்விட்டது. இப்போது யாராவது என்னிடம் கேட்டால் வேறு வரிசையில்தான் சொல்கிறேன்.

படி 1: ஒரு பிரச்சினையை எழுதுங்கள்

உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஸ்டாக் இருக்கிறது, ரேக்கில் இல்லை. ஒரு சப்ளையர் சொன்ன தேதிக்கு அனுப்பியதே இல்லை. விற்காத சரக்கு வேர்ஹவுஸை அடைத்துக்கொண்டிருக்க, விற்பது மட்டும் தீர்ந்துபோகிறது. இப்படி ஒன்றே ஒன்றை, ஒரு பக்கத்துக்குள் எழுதி வையுங்கள். எந்தப் படிப்பு, எந்தப் பாடம், கடைசியில் எந்த ப்ராஜெக்ட் என்று ஒவ்வொரு முடிவின்போதும் இந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 2: படிப்பின் வகையைப் பிரித்துப் பாருங்கள்

'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற பெயர் பொதுவெளிக்கு வந்ததே 1982-ல்தான். மேலாண்மை ஆலோசகர் கீத் ஆலிவர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அதைப் பயன்படுத்தினார். பெயர் புதிதாக இருந்தாலும், உள்ளே இருக்கும் கொள்முதல், போக்குவரத்து, உற்பத்தித் திட்டமிடல் எல்லாம் அதற்கு வெகுகாலம் முன்பே தனித்தனித் துறைகளாக வளர்ந்தவை. அதனால் இந்தப் படிப்பு ஓரிடத்தில் வணிகப் பள்ளியிலும், இன்னோரிடத்தில் தொழில்துறைப் பொறியியலிலும், வேறிடத்தில் போக்குவரத்துத் துறையிலும் இருக்கிறது. எந்தத் துறை நடத்துகிறது என்று பார்த்தாலே பாடத்தின் சாய்வு பாதி தெரிந்துவிடும்.

நிதி, மார்க்கெட்டிங், மனிதவளம் எல்லாவற்றோடும் சப்ளை செயினும் வேண்டும் என்றால் எம்பிஏ. கணக்கும் தரவும் ஆழமாக வேண்டும் என்றால் எம்எஸ்சி. முதுநிலை டிப்ளமோ இவற்றைவிடக் குறுகியது. ஏஎஸ்சிஎம் என்ற சப்ளை செயின் தொழில் அமைப்பின் சிஎஸ்சிபி, சிபிஐஎம் போன்றவை தொழில்முறைச் சான்றிதழ்கள். வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு, ஆனால் அவை பட்டம் அல்ல. சிபிஐஎம் திட்டமிடலையும் இன்வென்ட்ரியையும் மையமாகக் கொண்டது, சிஎஸ்சிபி முழுச் சங்கிலியையும் தொடுவது. பட்டம் என்று சொல்லும் எதற்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று அங்கீகரிக்கும் அமைப்பின் பட்டியலிலேயே நேரடியாகப் பாருங்கள். விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

முழுப் படிப்புக்குள் போகும் முன் ஆழம் பார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2015-ல் அறிவித்த மைக்ரோமாஸ்டர்ஸ் திட்டம் சப்ளை செயின் பாடத்தில்தான் தொடங்கியது. ஆன்லைனில் படித்துத் தேறியவர்கள், தேர்வு செய்யப்பட்டால், மீதியை மட்டும் வளாகத்தில் படித்துப் பட்டம் பெறலாம் என்பது அதன் யோசனை.

படி 3: ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பலர் பயப்படுவது கணக்குக்குத்தான். எந்த அளவுக் கணக்கு என்று இங்கேயே பார்த்துவிடலாம்.

ஒரு பொருள் நாளுக்குச் சராசரியாக 40 பெட்டி போகிறது. அந்த விற்பனையின் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 10 பெட்டி. ஒரு நாள் விற்பனை மறுநாளைப் பாதிக்காது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் போட்டால் சரக்கு வந்து சேர 9 நாள். அதற்குள் ஸ்டாக் தீராமலிருக்க 95 சதவீத நிச்சயம் வேண்டுமென்றால், புள்ளியியல் அட்டவணைப்படி பெருக்கெண் 1.65. 9-ன் வர்க்கமூலம் 3. ஆக, சேஃப்டி ஸ்டாக், அதாவது எதிர்பாராததற்கு என்று கூடுதலாக வைக்கும் சரக்கு, 1.65 × 10 × 3, ஏறக்குறைய 50 பெட்டி. 9 நாள் தேவையான 360-ஐக் கூட்டினால் 410. கையிருப்பு 410-க்கு இறங்கியதும் அடுத்த ஆர்டர் போக வேண்டும்.

இப்போது அந்த 9 நாளும் சராசரிதான், அதிலும் 2 நாள் திட்ட விலக்கம் உண்டு என்று மாற்றுங்கள். 9 நாளை, விற்பனையின் திட்ட விலக்கமான 10-ன் வர்க்கம் 100-ஆல் பெருக்கினால் 900. 40-ன் வர்க்கம் 1600, அதை 2-ன் வர்க்கமான 4-ஆல் பெருக்கினால் 6400. கூட்டினால் 7300, அதன் வர்க்கமூலம் சுமார் 85.4. அதை 1.65-ஆல் பெருக்கினால் சேஃப்டி ஸ்டாக் 141 பெட்டி.

விற்பனை கொஞ்சமும் மாறவில்லை. சப்ளையரின் தேதி ஆடுவதால் மட்டும் 50 பெட்டி 141 ஆகிவிட்டது. நான் இந்தக் கணக்கை முதல்முறை போட்ட அன்று, அதுவரை விற்பனைப் பிரிவின் மேல் போட்ட பழி எல்லாம் தப்பு என்று புரிந்தது. பள்ளிக்கூடக் கணக்கும் எக்செல்லும் தெரிந்தால் இதற்குப் போதும். புள்ளியியல் மறந்திருந்தால், சேரும் முன் இரண்டு மாதம் அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். முதல் செமஸ்டரில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

படி 4: வகுப்பில் யார் உட்கார்வார்கள் என்று கேளுங்கள்

பகுதி நேரம், வார இறுதி, ஆன்லைன் என்பதெல்லாம் உங்கள் வேலை நேரத்தைப் பொறுத்த விஷயம். ஆண்டு இறுதி ஸ்டாக் கணக்கெடுப்பு வாரத்தில் தேர்வு வருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம் சக மாணவர்கள்.

எம்ஐடியில் உருவாகி 1960-களிலிருந்து விளையாடப்படும் 'பீர் கேம்' என்ற வகுப்பறைப் பயிற்சி இருக்கிறது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நான்கு இடம். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் போகும். வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு 4-லிருந்து 8-க்கு ஒரே ஒரு முறைதான் ஏறுகிறது. அதற்கே தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் எங்கெங்கோ எகிறி, பிறகு சரிகிறது. எங்கள் மேசையில் மொத்த வியாபாரியாக உட்கார்ந்தவர் நிஜ வாழ்க்கையில் லாரிகளை அனுப்பும் வேலை பார்ப்பவர். ஆட்டம் முடிந்ததும், "எங்களுக்கு ஆர்டர் ஏன் இப்படிக் குதிக்கிறதுன்னு இத்தனை வருஷமா தெரியாமலே இருந்தது சார்" என்றார். சங்கிலியின் வேறு வேறு இடத்தில் நிற்பவர்கள் ஒரே அறையில் இருந்தால்தான் இப்படிப் பேச்சு நடக்கும். நேரடி அமர்வுகள் கொஞ்சமாவது உள்ள படிப்பையே நான் பரிந்துரைப்பேன்.

படி 5: மேலாளரிடம் பேசுங்கள்

கட்டணத்தில் பங்கு கிடைத்தால் நல்லது. எத்தனை வருடம் வேலையை விடக்கூடாது என்ற பாண்ட் இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணத்தைவிடப் பெரிய உதவி, ப்ராஜெக்டுக்கு நிறுவனத் தரவைப் பயன்படுத்த அனுமதி. சப்ளையர் பெயரையும் விலையையும் நீக்கிவிட்டுத்தான் தருவேன் என்று நீங்களே முன்வந்து சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அனுமதி கிடைத்ததும் முதல் வேலை, கடந்த 12 மாதப் பர்ச்சேஸ் ஆர்டர்களை எடுத்து மூன்று தேதிகளை எக்செல்லில் ஏற்றுவது: ஆர்டர் போட்ட நாள், சப்ளையர் ஒப்புக்கொண்ட நாள், சரக்கு வந்திறங்கிய நாள். ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்திறங்க ஆன நாட்களின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கண்டுபிடித்து, மேலே உள்ள 9-க்கும் 2-க்கும் பதிலாகப் போடுங்கள். வரும் எண்ணை முதல் படியில் எழுதிய பக்கத்தின் அடியில் குறித்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தைத் திறங்கள். 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற கட்டத்தில் எழுத வேண்டியது அந்தப் பக்கத்தில் இருக்கும்.