யூகே கடைகள்ல ரிட்டர்ன், ரீஃபண்ட்: புதுசா வந்தவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது

ஊர்ல பில்லுக்கு அடியில பொடி எழுத்துல "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"னு போட்டிருப்பாங்கல்ல, நாமெல்லாம் அதைப் பார்த்தே வளர்ந்தவங்க. தீபாவளிக்கு எடுத்த சட்டை பத்தலன்னா அப்பா பில்லையும் டப்பாவையும் தூக்கிட்டு மறுநாளே கடைக்கு ஓடுவார், அதுவும் சைஸ் மாத்திக்கத்தான், காசு திரும்பி வரும்ங்கற நெனப்பே வீட்ல யாருக்கும் கிடையாது. அப்படி இருந்துட்டு லண்டன் வந்து இறங்கினா, ஆபீஸ்ல கூட வேலை பார்க்கற பொண்ணு ஒரே டிசைன்ல மூணு சைஸ் ட்ரெஸ் வாங்கி, வீட்ல போட்டுப் பார்த்துட்டு ரெண்டை அடுத்த வாரம் திருப்பிக் குடுக்குது, கடைக்காரனும் சிரிச்சிக்கிட்டே கார்டுல காசு போட்டு விடறான். இதைப் பார்த்ததும் நாம ஒரு முடிவுக்கு வந்துடறோம், இங்க எதை வேணாலும் எப்ப வேணாலும் திருப்பிக் குடுக்கலாம்னு. நானும் அப்படித்தான் நெனச்சேன். தப்பு.

லண்டன்ல ஈஸ்ட் ஹாம் ஏரியாவுல நம்மாளு ஒருத்தரோட துணிக்கடை. வீட்டம்மாவுக்கு பிறந்தநாள்னு 65 பவுண்டுக்கு ஒரு சில்க் காட்டன் புடவை எடுத்தேன், கடை ட்யூப்லைட்டுல நல்ல மாம்பழ கலரா தெரிஞ்சது, வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்துல பிரிச்சா ஒரு மாதிரி வெளுத்த சாம்பார் கலர். "இதை யாரு கட்டறது"ன்னு கேட்டுட்டா. சரின்னு மறுநாள் பில்லோட போய் ரீஃபண்ட் கேட்டேன். கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமா சொன்னார், "தம்பி, காசு திருப்பித் தர ஏலாது, விருப்பமெண்டா வேற ஒண்டு எடுங்கோ." எனக்கு கோவம் வந்துருச்சு, இது யூகே, சட்டம் இருக்கு, அது இதுன்னு பேசிட்டேன். அவர் பேசாம கல்லாவுக்கு மேல ஒட்டியிருந்த பேப்பரைக் காட்டினார். எக்ஸ்சேஞ்ச் மட்டும், 14 நாளுக்குள்ள, பில்லோட வரணும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சப்பதான் புரிஞ்சுது, அவர் சொன்னதுதான் சட்டப்படி சரி. கடைக்கு நேர்ல போய், கையால தொட்டுப் பார்த்து வாங்கின பொருள் நல்லா இருந்து, நமக்கு மட்டும் பிடிக்கலன்னா அதைத் திரும்ப வாங்கிக்கணும்னு இந்த நாட்டுல எந்தச் சட்டமும் இல்ல. பெரிய கடைகள் 28 நாள், 30 நாள்னு வாங்கிக்கறது அவங்களா வச்சிக்கிட்ட பாலிசி, வியாபாரத்துக்காகக் காட்டற தாராளம். சின்னக் கடை அதைச் செய்யணும்னு கட்டாயமில்ல. ஆனா ஒண்ணு, 30 நாள்ல ரீஃபண்ட்னு பில்லுலயோ போர்டுலயோ போட்டுட்டா அந்த வார்த்தையை அவங்க காப்பாத்தணும், பின்னாடி மாத்த முடியாது. அடுத்த சனிக்கிழமை போய் அண்ணன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு ஒரு மெரூன் புடவை எடுத்துட்டு வந்தேன், அவரும் பெரிசா எடுத்துக்கல.

பொருள் ஃபால்ட்டியா இருந்தா கதையே வேற. இங்க நடக்கற சண்டையில பாதிக்கு மேல இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதாலதான், நாமளும் குழப்பறோம், கவுண்டர்ல நிக்கற பசங்களும் குழப்பறாங்க. பிடிக்கலன்னா கடையோட பாலிசி பேசும், பழுதுன்னா சட்டம் பேசும். அந்தச் சட்டத்து பேரு கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் 2015. அதே வருஷம் அக்டோபர் 1ல இருந்து நடைமுறையில இருக்கு. பொருள் தரமா இருக்கணும், எதுக்குன்னு வித்தாங்களோ அதுக்கு உதவணும், சொன்ன மாதிரியே இருக்கணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் முதல் 30 நாளுக்குள்ள பொருளைத் திருப்பிக் குடுத்து முழு காசையும் கேட்கலாம், ரிப்பேர் பண்ணித் தரோம், வேற தரோம்னு அவங்க சொன்னாலும் ஒத்துக்கணும்னு இல்ல. நோ ரீஃபண்ட் போர்டு மாட்டியிருந்தாலும், சேல்ல பாதி விலைக்கு வாங்கியிருந்தாலும் இது மாறாது. சேல் சாமானுக்கு உரிமை கிடையாதுன்னு கடையில அடிச்சு சொல்லுவாங்க, நம்பாதீங்க. வாங்கும்போதே இந்த இடத்துல கிழிசல் இருக்கு, அதான் விலை கம்மின்னு காட்டிக் குடுத்திருந்தா மட்டும், அந்தக் கிழிசலைச் சொல்லித் திருப்ப முடியாது.

30 நாள் தாண்டிட்டா? இங்கதான் நிறைய பேரை ஏமாத்தி அனுப்பிடறாங்க, என்னையும் அனுப்பினாங்க.

நாங்க வாடகைக்கு இருந்த வீடு முழுக்க கார்ப்பெட். ஊர்ல விளக்குமாறு எடுத்துப் பெருக்கின கைக்கு இங்க ஹூவர் இல்லாம முடியாது (இங்க எல்லா வேக்யூம் க்ளீனருக்கும் பேரு ஹூவர்தான்). வயர் இல்லாத மாடல் ஒண்ணு 140 பவுண்ட் குடுத்து வாங்கினோம். நாலாவது மாசம், ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் மூணு நிமிஷத்துல உயிர் போயிடும், ஹால்ல ஆரம்பிச்சு பெட்ரூம் வாசல் வர்றதுக்குள்ள நின்னுடும். கடைக்குத் தூக்கிட்டுப் போனா கவுண்டர் பையன் பில்லைப் பார்த்துட்டு, 30 நாள் முடிஞ்சுருச்சு, இனிமே கம்பெனிக்குத்தான் போன் பண்ணணும்னு ஒரு நம்பர் எழுதிக் குடுத்தான். நானும் நல்ல பிள்ளையா வீட்டுக்கு வந்து போன் பண்ணி முக்கால் மணி நேரம் பாட்டு கேட்டேன், அதுக்கப்புறம் லைன் கட்.

உண்மையில கம்பெனிக்கு போன் பண்ண வேண்டிய அவசியமே இல்ல. நாம காசு குடுத்தது கடைக்கு, பதில் சொல்ல வேண்டியதும் கடை. ஆறு மாசத்துக்குள்ள பழுதாச்சுன்னா அந்தப் பழுது வாங்கும்போதே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும், இல்ல, இவங்கதான் கெடுத்துட்டாங்கன்னா அதைக் கடைதான் நிரூபிக்கணும். ஆனா 30 நாள் தாண்டினதால நேரா காசு கேட்க முடியாது, ரிப்பேர் பண்ணவோ மாத்திக் குடுக்கவோ கடைக்கு ஒரே ஒரு வாய்ப்பு குடுக்கணும். அந்த ஒரு வாய்ப்புலயும் சரியாகலன்னா காசைத் திரும்பக் கேட்கலாம், இல்ல பொருளை வச்சிக்கிட்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஆறு மாசத்துக்குள்ள இருந்தா, இத்தனை நாள் பயன்படுத்திட்டீங்கன்னு சொல்லி காசைப் பிடிக்கவும் கூடாது, காருக்கு மட்டும் விதிவிலக்கு.

இதெல்லாம் டீம்ல இருந்த ஒரு பெரியவர் டீ குடிக்கும்போது சொல்லிக் குடுத்தது. மறுபடி கடைக்குப் போனேன், இந்த தடவை மேனேஜர் இருக்காரான்னு கேட்டேன், குரலை உயர்த்தாம கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட், ஆறு மாசம் ஆகல, ரிப்பேர் இல்லன்னா மாத்திக் குடுங்கன்னு மட்டும் சொன்னேன். அந்த அம்மா கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டிட்டு வாங்கி வச்சிக்கிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு ரிப்பேராகி வந்துச்சு, பத்து நாள் நல்லா ஓடுச்சு, திரும்ப அதே மூணு நிமிஷம். இந்த தடவை போனதும் ரீஃபண்ட்தான் வேணும்னு சொல்லிட்டேன். கிஃப்ட் கார்டு தரோம்னாங்க. வேணாம்னேன். ஃபால்ட்டி பொருளுக்கு ரீஃபண்ட்னா எந்த வழியில காசு குடுத்தோமோ அதே வழியிலதான் திரும்ப வரணும், நாமளா ஒத்துக்கிட்டா மட்டும்தான் வவுச்சர், கிரெடிட் நோட் எல்லாம். 140 பவுண்டும் அக்கவுண்டுக்கு வந்துச்சு. ஒத்துக்கிட்ட 14 நாளுக்குள்ள தரணும்னு கணக்கு, எனக்கு அஞ்சாறு நாள்லயே வந்துருச்சு.

ஆறு மாசம் தாண்டினா உரிமை போயிடாது, ஆனா வாங்கும்போதே கோளாறு இருந்துச்சுன்னு நிரூபிக்கற வேலை நம்ம தலைல வரும். இங்கிலாந்து, வேல்ஸ்ல 6 வருஷம் வரைக்கும், ஸ்காட்லாந்துல 5 வருஷம் வரைக்கும் கேஸ் போடலாம். அதுக்காக 10 பவுண்ட் செருப்பு ஆறு வருஷம் உழைக்கணும்னு அர்த்தமில்ல, பொருளுக்கும் விலைக்கும் ஏத்த ஆயுசுதான். அதனால டிவி வாங்கும்போது கல்லாவுல எக்ஸ்ட்ரா வாரன்ட்டின்னு இன்னொரு தொகையை மேல ஏத்தப் பார்த்தா, அவசரத்துல தலையாட்டாதீங்க. நான் இதுவரைக்கும் ஒண்ணுகூட எடுத்ததில்ல.

அந்த ஹூவர் விஷயத்துல இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். ரெண்டாவது தடவை போகும்போது பில்லை எடுத்துப் பார்த்தா வெள்ளைப் பேப்பர், ஒரு எழுத்து இல்ல, எல்லாம் அழிஞ்சு போச்சு. அந்த தெர்மல் பேப்பர் வெயில் பட்டா இப்படித்தான் ஆயிடும். பேங்க் ஆப்ல அந்தத் தேதி, கடை பேரு, தொகை காட்டினேன், அது போதும். பழுதான பொருளுக்கு பில்லுதான் வேணும்னு இல்ல, வாங்கினதுக்கு ஏதாவது ஒரு ஆதாரம் இருந்தா சரி. காசா குடுத்து வாங்கினாதான் வம்பு, அப்ப பில்லை போட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

ஆன்லைன் பக்கம் போனா நமக்கு இன்னும் வசதி, அங்க மனசு மாறினாக்கூட சட்டம் நம்ம பக்கம். பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள்ள வேணாம்னு சொல்லிடணும், சொன்னதுல இருந்து இன்னொரு 14 நாளுக்குள்ள அனுப்பிடணும். காரணமே சொல்ல வேண்டியதில்ல. நமக்கு அனுப்பினப்ப வாங்கின சாதாரண டெலிவரி சார்ஜும் சேர்ந்து திரும்ப வரும், திருப்பி அனுப்பற செலவு மட்டும் பெரும்பாலும் நம்மளுது, பொருளே பழுதுன்னா அதுவும் கடையோடது. ஆனா நம்ம அளவு குடுத்து தைக்கச் சொன்ன பிளவுஸ், பேர் போட்டு செய்யச் சொன்ன செயின், சீல் உடைச்ச மேக்கப் சாமான், கெட்டுப் போற சாப்பாடு, இதுக்கெல்லாம் இந்த 14 நாள் கிடையாது. பிளவுஸ் அளவு அவங்க தப்பா தச்சிருந்தா அது பழுது கணக்குல வரும். அதனால அளவை வாட்ஸ்அப்ல எழுத்துலயே அனுப்புங்க, போன்ல சொல்லாதீங்க. சென்னை கடையில இருந்து நேரா தருவிக்கற புடவைக்கு இதையெல்லாம் எதிர்பார்க்காதீங்க, சட்டம் பேசலாம்தான், ஆனா கூரியர் செலவே புடவை விலையைத் தாண்டிடும்.

புதுசா வந்த எல்லாரும் முதல் மாசம் பழைய ஃப்ரிட்ஜ், கட்டில், மெத்தைன்னு ஆன்லைன்ல தனி ஆளுங்ககிட்ட வாங்குவோம். மேல சொன்ன உரிமைல பெரும்பகுதி இதுக்கு வராது. வியாபாரியா இல்லாம வீட்டு சாமானை விக்கற ஆளு, தான் சொன்ன விவரம் பொய்யா இருந்தா மட்டும்தான் மாட்டுவார். நான் 40 பவுண்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கி ரெண்டு பேரா தூக்கிட்டு மாடி ஏத்தினப்புறம்தான் தெரிஞ்சுது ஃப்ரீசர்ல ஐஸே கட்டலன்னு, மெசேஜ் போட்டேன், ப்ளாக் பண்ணிட்டார். ப்ளக் போட்டு ஓட வச்சுப் பார்க்காம எதையும் எடுக்காதீங்க.

கடை கையை விரிச்சுட்டா அடுத்து காசு குடுத்த கார்டைப் பாருங்க. ஒரு பொருளோட விலை 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் இருந்து அதை கிரெடிட் கார்டுல வாங்கியிருந்தா, கடைக்கு இருக்கற அதே பொறுப்பு பேங்குக்கும் உண்டு. 1974ல வந்த கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட், செக்ஷன் 75. கொஞ்சம் தொகை மட்டும் கார்டுல குடுத்திருந்தாலும் முழு தொகைக்கும் கேட்கலாம், கடையே இழுத்து மூடிட்டாலும் கேட்கலாம். நாம வந்த புதுசுல கிரெடிட் ஹிஸ்டரி (கடனை ஒழுங்கா கட்டின பதிவு) இல்லாததால கிரெடிட் கார்டு சுலபமா கிடைக்காது, பெரும்பாலும் டெபிட் கார்டுதான், அதுக்கு சார்ஜ்பேக்னு ஒண்ணு இருக்கு (கடைக்குப் போன காசைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லி நம்ம பேங்க்கிட்ட கேட்கறது), அது சட்டம் இல்ல, கார்டு கம்பெனிங்க வச்சிருக்கற விதி, பொதுவா 120 நாள் கெடு. பேங்குல முடியாதுன்னு சொல்லிட்டா, இல்ல புகார் குடுத்து 8 வாரம் ஆகியும் பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்கிட்ட போகலாம், காசு எதுவும் கட்ட வேண்டாம்.

அதுக்கு முன்னாடி குழப்பமா இருந்தா சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்கற ஆலோசனை அமைப்போட கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 0808 223 1133, ஃப்ரீ, நம்ம கேஸுக்கு என்ன சட்டம்னு பொறுமையா சொல்லுவாங்க. கடைகளைக் கண்காணிக்கற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்ல புகார் குடுக்கணும்னாலும் அவங்க மூலமாத்தான். கடைசி ஆயுதம் ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சின்னத் தொகைக்கு கோர்ட்ல போடற கேஸ், இங்கிலாந்து, வேல்ஸ்ல 10,000 பவுண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாமலே போடலாம், அதுக்கு முன்னாடி இத்தனை நாளுக்குள்ள தரலன்னா கோர்ட்டுக்குப் போவேன்னு ஒரு லெட்டர் அனுப்பணும். பெரும்பாலும் அந்த லெட்டர்லயே இறங்கி வந்துடுவாங்கன்னு போட்டுப் பார்த்த ரெண்டு பேர் சொல்லிக் கேட்டிருக்கேன், எனக்கு அந்த அளவுக்குப் போக வேண்டி வரல.

கவுண்டர்ல கத்தாதீங்க. ஊர்ல நாலு பேர் கூடற மாதிரி சத்தம் போட்டா ஓனர் இறங்கி வருவார், இங்க செக்யூரிட்டிதான் வருவார். இன்னொண்ணு, கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் டேக்கை உள்ள மடிச்சு விட்டுக் கட்டிட்டு மறுநாள் ரிட்டர்ன் போடறதை ஒரு திறமை மாதிரி சொல்லிக்கற ஆளுங்க நம்ம வாட்ஸ்அப் க்ரூப்லயே இருக்காங்க. சந்தன வாசனையோட வர்ற ட்ரெஸ்ஸை கவுண்டர் பொண்ணுக்குத் தெரியாதா என்ன. அடுத்தது உண்மையாவே பழுதான பொருளோட நாம போய் நிக்கும்போது அந்தப் பொண்ணு நம்மளை மேலயும் கீழயும் பார்க்கும், எனக்கு நடந்திருக்கு.

இப்ப குளிர் ஆரம்பிச்சுருச்சு, குழந்தைகளுக்கு கோட்டு, பூட்ஸ்னு எல்லாரும் கடைக்குப் போற நேரம். கிறிஸ்துமஸுக்காக நிறைய பெரிய கடைகள் இந்த சீசன்ல வாங்கினதை ஜனவரி வரைக்கும் திருப்ப விடுவாங்க, ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு தேதி, கேட்டுட்டு வாங்குங்க. யாருக்காவது குடுக்கற கிஃப்ட்னா கிஃப்ட் ரிசீட் கேளுங்க, விலை போடாம தருவாங்க. கோட்டை ஒரு நாள் வீட்ல போட்டு ஜிப்பை பத்து தடவை ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு அப்புறம் டேக்கை வெட்டுங்க, எங்க பையன் கோட்டுல முதல்ல போனது ஜிப்தான்.