'இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தில் நாம் கோட்டை விடும் இடங்கள்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டைக் கடக்காதவர்கள் குறைவு. அதிலிருக்கும் கல்வெட்டை நின்று படித்தவர்கள் அதைவிடக் குறைவு. 1914-19 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்கிறது அது. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடும் பக்கத்துக்காரர்கள் நாம். அப்படிப்பட்ட நாமே, இரண்டாம் உலகப்போரில் நடக்கும் இந்தப் படத்தில் குண்டுகளைச் செயலிழக்க வைக்கும் இந்தியச் சிப்பாய், சீக்கியனான கிப்பை, 'சைடு ரோல்' என்று ஒதுக்கிவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். பாலைவனம், விமானம், அடுத்தவன் மனைவியோடு காதல் என்று ஒரு பக்கமே கண் போனது. இரண்டாம் முறை என் மாமனாரோடு பார்த்தேன். அவர் ராணுவத்தில் பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் சாப்பர் பிரிவில் இருந்தவர். கிப் வெடிகுண்டுக் குழிக்குள் இறங்கியிருக்கிறான், மேலே டாங்கிகள் பாலத்தை நெருங்குகின்றன, தரை அதிர்கிறது. அதுவரை அரைத்தூக்கத்தில் இருந்த மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை, அவன் மூஞ்சியைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் படம் புரிய ஆரம்பித்தது.

அடுத்தது, படத்தின் முடிவையே நாவலின் முடிவு என்று நம்பிப் பேசுவது. மைக்கேல் ஒண்டாச்சியின் நாவல் 1992-இல் வந்து புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதில் ஹிரோஷிமா செய்தி காதில் விழுந்ததும் கிப் துப்பாக்கியை எடுத்து வந்து, உடல் கருகிப் படுக்கையில் கிடக்கும், எல்லோரும் 'இங்கிலீஷ் பேஷன்ட்' என்று கூப்பிடும் நோயாளிக்குக் குறி வைக்கிறான். 'இந்த ஆள் இங்கிலீஷ்காரனே இல்லை' என்று பக்கத்திலிருப்பவர் சொல்லியும் அவன் கேட்பதாக இல்லை. பழுப்பு நிறத்தவர்கள் தலையில் குண்டு போட ஆரம்பித்துவிட்டால் எவனாக இருந்தாலும் அவனுக்கு இங்கிலீஷ்காரன்தான். தலைப்பு திரும்பி நின்று முறைக்கும் இடம் அது. 1996-இல் அந்தோணி மிங்கெல்லா எடுத்த படத்தில் இது கிடையாது. கிப்பின் கூட்டாளி ஹார்டி குண்டுவெடிப்பில் சாகிறான். கிப் மனம் உடைகிறான். அப்புறம் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் தன் காதலியுமான ஹானாவிடம் விடைபெற்றுப் போகிறான். கோபம் இருந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதற்காக 'நாவல்தான் ஒசத்தி' என்று கிளம்பிவிடவும் வேண்டாம். எதை வெட்டினார்கள், அதனால் யார் சின்னதாகிப் போனார்கள் என்று கேட்டால் போதும். ஒன்பது ஆஸ்கர் வாங்கிய படம், சும்மா வாங்கவில்லை. ஹானா கட்டம் போட்டு நொண்டியடிக்கும் சத்தம் அப்படியே நோயாளியின் நினைவில் பாலைவன மேளமாக மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கதை முன்னும் பின்னும் தாவுகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளலாம்.

அந்த நோயாளியான அல்மாசி நிஜ மனிதர் என்று கேள்விப்பட்டதும் முழுக் கதையும் நிஜம் என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. ஹங்கேரிக்காரர், சஹாராவைச் சுற்றியவர், நீந்துவது போன்ற பழங்கால மனித ஓவியங்கள் உள்ள 'நீச்சல்காரர்கள் குகை'யை 1933-இல் கண்டவர், எல்லாம் சரி. ஆனால் அவர் தீக்காயத்தில் இத்தாலியில் சாகவில்லை. 1951-இல் சால்ஸ்பர்க்கில் வயிற்றுக்கடுப்பு நோயில் இறந்தார்.

கடைசியாக ஒன்று. படம் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் போனை எடுக்கத் தோன்றும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிப் தலைப்பாகையை அவிழ்த்து நீள முடியை அலசும்போது மட்டும் வேண்டாம். ஹானா அவனுக்கு ஆலிவ் எண்ணெய் கொண்டு வந்து தருகிறாள். தலைப்பாகைப் பிரச்சினையில் 1806-இல் சிப்பாய்கள் எழுந்த கோட்டை நம்முடையது. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சப்டைட்டில் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.